மதுரையில் ஓர் ஓவியக் குழு தொடங்க: முதல் ஞாயிறு முதல் முதல் தணிக்கை வரை

நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை. நாற்பது அடி நீளம், எட்டடி உயரம். சமணர் மலையும் அடிவாரத்துத் தாமரைக் குளமும், மலைக்குப் பின்னால் எழும்பும் சூரியனுமாக ஒரு பள்ளிச் சுவரை நிறைத்திருந்தோம். ஐந்தாவது வாரம் தேர்தல் தேதி அறிவித்தார்கள். மறுநாள் காலை சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் வந்தபோது நான் ஓடிப்போய் நின்றேன். வந்த அலுவலர் மரியாதையாகத்தான் கேட்டார்: “சார், தாமரை இருக்கு, உதயசூரியன் இருக்கு. ரெண்டு கட்சிக்காரனும் போன் போட்டுட்டான். லெட்டர் எதும் இருக்கா?” இல்லை. தலைமையாசிரியர் வாயால் சொன்ன சம்மதம் மட்டும்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் குளம் போயிற்று, மலைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

அச்சகத்தில் வேலை பார்ப்பவன் நான். வாழ்க்கையே காகிதத்தோடுதான், ஆனாலும் குழு விஷயத்தில் காகிதத்தைக் கடைசியில் வைத்தேன். பெயிண்ட் வாங்கும் முன்பே என்னென்ன எழுதி வாங்கியிருக்க வேண்டும், எங்கே பணம் போகும், எந்த மாதத்தில் எந்த வேலை நடக்காது என்பதை நான் அலைந்த வரிசையில் சொல்கிறேன். செல்லூரில் இருந்தாலும் திருப்பரங்குன்றத்தில் இருந்தாலும் வரிசை பெரும்பாலும் இதுதான்.

1. முதல் மூன்று மாதம் சும்மா வரையுங்கள்

பெயர், லோகோ, பேனர் எதுவும் வேண்டாம். வாரம் ஒரு நாள், காலை ஆறு மணி, ஒரே இடம். வந்தவர்கள் வரையட்டும். மூன்று மாதம் கழித்தும் வருகிறவர்கள்தான் உங்கள் குழு. எங்களுக்கு முதல் வாரம் முப்பத்தொரு பேர் வந்தார்கள், பன்னிரண்டாவது வாரம் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் எட்டுப் பேர் இன்றும் இருக்கிறார்கள்.

இடங்கள்:

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் தொடக்கத்துக்கு நல்லது. நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் உட்காரப் படிக்கட்டுச் சுவர், கிழக்கு வெளிச்சம். ஆறிலிருந்து எட்டரை வரை போதும். சாயங்காலம் போகாதீர்கள், தள்ளுவண்டிக் கூட்டத்தில் நோட்டை விரிக்கவே இடம் இருக்காது. தை மாதம் தெப்பத் திருவிழா வாரத்தையும் விட்டுவிடுங்கள்.

கீழக்குயில்குடி சமணர் மலை நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கம். அடிவாரத்தில் ஆலமரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம். எவ்வளவு வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் மேலே இருக்கும் சமணச் சிற்பங்கள் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை. பாறையில் சாய்வது, சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பது, பெயிண்ட் தண்ணீரைக் கொட்டுவது எதுவும் கூடாது. எங்களோடு வந்த கல்லூரிப் பையன் ஒருவன் பாறையில் தன் பெயரை எழுதப்போனான். அன்றோடு அவனைச் சேர்க்கவில்லை. கடுமைதான், ஆனால் ஒருவன் எழுதினால் மொத்தக் குழுவுக்கும் கெட்ட பெயர். அரிட்டாபட்டிக்குப் போவதானால் இன்னும் கவனம். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது, ஊர்க்காரர்களும் விழிப்பாக இருப்பார்கள். முதலில் ஊரில் யாரையாவது பார்த்துப் பேசிவிட்டுப் போங்கள்.

திருமலை நாயக்கர் மகாலில் டிக்கெட் எடுத்து, மடியில் நோட்டு வைத்து வரைந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஸ்டாண்டு, குடை, மடக்கு நாற்காலி என்று கடை விரித்தால் காவலாளி வருவார், எழுத்து அனுமதி கேட்பார். நியாயம்தான்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போனுக்கே அனுமதி கிடையாது. வெளியே சித்திரை வீதிகளில் உட்கார்ந்து கோபுரத்தை வரையலாம். “புது மண்டபத்துக்குப் போங்க, டெய்லர்களை வரையலாம்” என்று பழைய ஆட்கள் இன்னமும் சொல்வார்கள். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே போய், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஆகும் செலவு ஆளுக்கு ஒரு நோட்டு, இரண்டு பென்சில், ஒரு பருத்திப்பால். சந்தா வசூலிக்காதீர்கள். பணம் உள்ளே வந்த மறுநிமிடம் கணக்கு கேட்க ஆள் வரும், கணக்கு காட்ட உங்களிடம் புத்தகம் இருக்காது.

2. பதிவு வேண்டுமா என்று முடிவெடுங்கள்

சேர்ந்து வரைய மட்டும்தான் ஆசை என்றால் பதிவே வேண்டாம், வாட்ஸ்அப் குழு போதும். அரசுச் சுவர், அரசுப் பள்ளி, நன்கொடை, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு என்று இவற்றில் ஒன்று வேண்டுமென்றாலும் பதிவு தேவைப்படும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். உறுப்பினர் இருபது பேரை எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ பத்தாயிரம் ரூபாயை எட்டினாலோ பதிந்தே ஆக வேண்டும். பத்தாயிரம் என்பது இன்றைய விலைவாசியில் ஒரு சுவருக்கான பெயிண்ட் காசு. அதனால் சுவர் வேலைக்கு இறங்குகிற குழு பதிவைத் தள்ளிப்போட முடியாது.

டிரஸ்ட் போடலாமே என்று ஒருவராவது சொல்வார். டிரஸ்ட் ஒருவர் கையில் இருப்பதற்கு வசதி. கூடி முடிவெடுத்து, கணக்கு கேட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிர்வாகிகளை மாற்றுகிற குழுவுக்குச் சங்கம்தான் பொருந்தும் என்பது என் கருத்து. சண்டை வரத்தான் செய்யும், வரட்டும்.

3. பதிவுக் காகிதங்கள்: என் மனு மூன்று முறை திரும்பிய கதை

பதிவுத்துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, விவரங்களை ஏற்றி, கட்டணத்தையும் அங்கேயே கட்டலாம். அதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: சங்க அமைப்புக் குறிப்பு (சங்கத்தின் பெயரும் நோக்கமும் சொல்வது), துணை விதிகள், அலுவலக முகவரிக்கான படிவம் 5, உறுப்பினர் பட்டியலுக்கான படிவம் 6, நிர்வாகிகளுக்கான படிவம் 7, எல்லோருடைய ஆதார் நகல், புகைப்படம், முகவரிச் சான்று, கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம். சங்கம் தொடங்கியதாகத் தீர்மானம் போட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போய்விட வேண்டும். எனவே எல்லாக் காகிதமும் கைக்கு வந்த பிறகு தீர்மானத் தேதியைப் போடுங்கள். நாங்கள் உற்சாகத்தில் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு, தேதி தாண்டி, மறுபடி கூடிக் கையெழுத்து வாங்கினோம்.

மதுரைக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு பதிவு மாவட்டங்கள். உங்கள் சங்க முகவரி எதில் விழுகிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றபின் “இது அந்த ஆபீஸ்” என்பார்கள்.

முதல் தடவை திரும்பியது பெயரால். அரசு அமைப்பு என்று தோன்றும் சொல் இருக்கிறது என்றார்கள். தேசிய, இந்திய, அரசு, மாநகர் என்கிற ரீதியில் கம்பீரமாகப் பெயர் வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் என்று 1950-லிருந்தே ஒன்று இருக்கிறது, அதில் மாட்டும். தெருப் பெயரோ, மரத்தின் பெயரோ வையுங்கள். இரண்டு மாற்றுப் பெயரும் எழுதி வைத்திருங்கள்.

இரண்டாவது தடவை இனிஷியல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பத்தில் எட்டுக் குழு இங்கேதான் விழும். எங்கள் பொருளாளர் அக்கா ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக, கையெழுத்தில் தமிழ் ‘மு.’, தட்டச்சு செய்தவர் போட்டது ‘எம்.’ ஒரே ஆளுக்கு நான்கு பெயர். ஏழு பேரில் ஐந்து பேருக்கு இப்படி ஏதோ ஒன்று இருந்தது. இப்போது புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தட்டச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போடுங்கள். ஆதாரில் உள்ளபடி பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, தொழில், முகவரி, கையெழுத்து. ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நகலெடுங்கள். ஆதாரே தப்பாக இருந்தால் அவரை நிர்வாகியாக்காமல் சாதாரண உறுப்பினராக வைத்துவிட்டு, ஆதாரைத் திருத்தியபின் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது தடவை முகவரி. அலுவலகம் என்று காட்டிய வீட்டின் சொத்துவரி ரசீது வீட்டுக்காரரின் காலமான அப்பா பெயரில் இருந்தது. சம்மதக் கடிதத்தில் மகன் கையெழுத்து. ஏற்கவில்லை. கடைசியில் இன்னொரு உறுப்பினரின் வீட்டு முகவரிக்கு மாற்றினோம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் பயப்படுவார், “நாளைக்கு வீட்டை சங்கத்துக்கு எழுதிக்குவீங்களோ” என்று கேட்டவரும் உண்டு. தபால் வர ஒரு முகவரி வேண்டும், உரிமை எதுவும் இல்லை என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தால் சமாதானமாவார்.

துணை விதிகளுக்கு வேறு சங்கத்தின் விதியை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றுவது ஊர் வழக்கம். எங்கள் தட்டச்சர் கொடுத்த மாதிரியில் “உறுப்பினர்களின் ஈமச்சடங்குக்கு நிதி” என்று ஒரு பிரிவு இருந்தது. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். விதியை நீங்களே வரி வரியாகப் படியுங்கள். கட்டாயம் இருக்க வேண்டியவை: செயற்குழுவில் எத்தனை பேர் (மூன்றுக்குக் குறையக் கூடாது), பதவிக்காலம் (மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது), பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு (நாங்கள் 21 நாள் போட்டோம்), சந்தா எவ்வளவு, காசோலையில் யார் யார் கையெழுத்து, ஓவியம் விற்றால் குழுவுக்கு எத்தனை சதவீதம். கடைசியில் சொன்னதை எந்த மாதிரியிலும் பார்க்க முடியாது, ஆனால் முதல் சண்டை அதில்தான் வரும். ஒரே குடும்பத்து ஆட்களாகச் செயற்குழுவை நிரப்பாதீர்கள். அதற்கும் கேள்வி வரும், வர வேண்டியதும்தான்.

எங்களுக்கு முதல் தீர்மானத்திலிருந்து சான்றிதழ் வரை நாலரை மாதம். அரசுக் கட்டணம், தட்டச்சு, வக்கீல், அலைந்த பெட்ரோல் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். காகிதம் சரியாக இருந்தால் பாதி நாளில் முடியும். தரகர் ஒருவர் பதினைந்தாயிரத்துக்கு “எல்லாம் நான் பாத்துக்கிறேண்ணே” என்றார். அவரும் கேட்கப் போவது அதே ஆதார் நகல்களைத்தான்.

4. பான், வங்கி, வசூல்

சான்றிதழ் வந்த வாரமே சங்கத்தின் பெயரில் பான் அட்டைக்குப் போடுங்கள். நான் கட்டியது 107 ரூபாய். பிறகு வங்கிக்குப் போகும்போது பதிவுச் சான்று, துணை விதிகள், நிர்வாகிகள் பட்டியல், கணக்குத் தொடங்கும் தீர்மானத்தின் நகல், நிர்வாகிகளின் ஆதார், பான், சங்க ரப்பர் முத்திரை. தீர்மானத்தில் வங்கியின் பெயர், கிளை, யார் யார் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம் என்பது வார்த்தைக்கு வார்த்தை இருக்க வேண்டும். மூன்று பேரில் இருவர் கையெழுத்து என்று வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

அதுவரை யாருடைய ஜிபே எண்ணுக்கும் வசூலிக்காதீர்கள். முதல் கண்காட்சிக்கு என் எண்ணைக் கொடுத்துவிட்டேன். முப்பத்தெட்டாயிரம் வந்தது, முழுதும் செலவாயிற்று. ஆனால் என் சம்பளம், மளிகைக் கடை, குழுப் பணம் மூன்றும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்ததைப் பிரிக்க இரண்டு ராத்திரி ஆனது. அதில் ஒரு 500 ரூபாய்க்கு இன்றுவரை எனக்குக் கணக்குத் தெரியவில்லை, கையிலிருந்து போட்டேன்.

5. சுவர் யாருடையது?

மதுரை மாநகராட்சி ஐந்து மண்டலம், நூறு வார்டு. முதலில் சுவர் எந்த வார்டு என்று பாருங்கள், பிறகு அது மாநகராட்சியுடையதுதானா என்று பாருங்கள். பாலத் தூணும் சாலையோரச் சுவரும் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். தண்டவாளத்தை ஒட்டிய நீளச் சுவர் ரயில்வேயுடையது, அங்கே தெருக்காரர் சம்மதம் செல்லாது. சுவர் ஒருவருடையது, சாரம் கட்டும் தரை இன்னொருவருடையது என்பதும் உண்டு. பள்ளிச் சுவருக்குப் பள்ளியில் அனுமதி வாங்கியிருப்பீர்கள், சாரத்தை நடைபாதையில் நிறுத்தினால் மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் தனிக் கடிதம் வேண்டும்.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959-லிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. உங்கள் ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அனுமதிக் கடிதம் இல்லையென்றால் சுவரொட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள்.

மனுவோடு வைக்க வேண்டியவை: சுவரின் இப்போதைய புகைப்படம், நீள அகல அளவு, வரையப் போகும் படத்தின் வண்ண நகல், எத்தனை நாள் வேலை, எத்தனை பேர், சங்கப் பதிவுச் சான்றின் நகல், விளம்பரமோ கட்சிச் சின்னமோ இருக்காது என்ற உறுதிமொழி. ஆணையர் பெயருக்கு எழுதி, மண்டல அலுவலகத்துக்கு ஒரு நகல். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். அந்த முத்திரைதான் பிறகு ஒவ்வொரு மேசையிலும் உங்களுக்காகப் பேசும்.

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் சம்மதம் முதல் படி மட்டுமே. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம், பிறகு கல்வி அலுவலகத்துக்குத் தகவல். மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி வழியாகத்தான். தலைமையாசிரியர் மாறினால் வாய்ச் சம்மதமும் அவரோடு மாறிப் போய்விடும்.

நாள் கணக்கு: குறைந்தது ஒன்றரை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் வாரத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு என்று வருவாய்த்துறையும் காவல்துறையும் வாடிவாசலில் நிற்கும். சித்திரைத் திருவிழா முடியும்வரை காவல் நிலையத்தில் உங்கள் மனுவைப் பிரிக்கக்கூட ஆள் இருக்க மாட்டார்கள். இரண்டையும் தவிர்த்து மனு போடுங்கள்.

என்ன வரையக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். தேர்தல் அறிவித்தால் அரசுக் கட்டடச் சுவர்களை 24 மணி நேரத்திலும், மற்ற பொது இடங்களை 48 மணி நேரத்திலும் சுத்தம் செய்யச் சொல்லித் தேர்தல் ஆணைய விதி இருக்கிறது. அந்த அவசரத்தில் வாளி தூக்கி வருகிறவர் உங்கள் கலை நுணுக்கத்தைப் பார்க்க மாட்டார். தாமரை, மலைகளுக்கு நடுவே சூரியன், இரண்டு இலையாகப் பிரியும் செடி, கை, முரசு, அரிவாள், சைக்கிள் எல்லாமே யாருக்காவது சின்னம்தான். இப்போது குளம் வரைந்தால் அல்லி போடுகிறோம், அதுவும் சிவப்பில் கிடையாது. சூரியனை உச்சிக்கு ஏற்றிவிட்டோம். உயிரோடு இருக்கும் தலைவர்கள் படமும் வேண்டாம். சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சாமி படம் போடச் சொல்லித் தெருவில் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். எந்தச் சாமி, எத்தனை சாமி என்று பேச்சு வளரும், கழிப்பவர் பத்தடி தள்ளிப் போவார், அவ்வளவுதான்.

6. பெயிண்டும் வெயிலும்

முதலில் சொன்ன அந்தப் பள்ளிச் சுவரின் 320 சதுர அடிக்கு, இரண்டாவது தடவை அனுமதியோடு வரைந்தபோது எங்களுக்கு ஆனது:

வெளிச்சுவர் பிரைமர் 4 லிட்டர் – 900
வெள்ளை எமல்ஷன் 10 லிட்டர் – 3,100
வண்ண எமல்ஷன் ஒரு லிட்டர் டப்பா ஆறு – 2,500
ஸ்டெய்னர் (எமல்ஷனில் கலக்கும் நிறச் சாறு) – 500
பிரஷ், ரோலர், உப்புத்தாள் – 1,400
சுவரைச் சுரண்டிப் பட்டி பார்க்கப் பெயிண்டர் இரண்டு நாள் – 2,000
சாரம் வாடகை – 1,200
டீ, டிபன் – 2,900

மொத்தம் 14,500. டிபன் செலவு பிரைமரைப்போல் மூன்று மடங்கு என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதில் கை வைக்காதீர்கள், காலை எட்டரைக்கு இட்லி வராவிட்டால் ஒன்பதரைக்கு ஆள் இருக்காது.

சுரண்டும் வேலைக்கு மட்டும் கூலிக்கு ஆள் வையுங்கள். இன்னொரு சுவரில் ஆர்வத்தில் நாமே செய்கிறோம் என்று இறங்கி, பழைய சுண்ணாம்பை அரைகுறையாகச் சுரண்டி, அதன் மேலேயே பிரைமர் அடித்தோம். மூன்றாம் மாதம் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. பெயிண்டர் வந்து விரல் நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினார், ஒரு சாண் நீளத்துக்கு முழுசாக உரிந்து கையில் வந்தது. பின்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள். “இது செவுத்துல ஒட்டல தம்பி, தூசியில ஒட்டியிருக்கு” என்றார். சுரண்டியபின் தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் இன்னும் ஆகவில்லை.

அளவு வழி எளிது. நீளத்தை உயரத்தால் பெருக்குங்கள். பிரைமர் ஒரு பூச்சுக்கு லிட்டருக்கு எண்பது சதுர அடி, எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு ஐம்பது சதுர அடி என்று வைத்தால் குறையாது. வெள்ளை கொஞ்சம் மிஞ்சும், நல்லதுதான், அதில் ஸ்டெய்னர் கலந்து இடைப்பட்ட நிறங்களைச் செய்துகொள்ளலாம். ஸ்டெய்னரை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். அடர்த்தியான நீலம் வேண்டுமென்று ஊற்றினோம், முதல் மழையில் மலை அழுதது. அடர்நிறம் வேண்டுமானால் டப்பாவிலேயே அடர்நிறமாக வாங்குங்கள்.

தரையிலிருந்து இரண்டடிக்கு எதுவும் வரையாதீர்கள். கரும்பழுப்பில் ஒரு பட்டை அடித்து விட்டுவிடுங்கள். உப்பு பூப்பது, சேறு தெறிப்பது, பைக் ஹேண்டில் உரசுவது எல்லாம் அந்த உயரத்தில்தான். எங்கள் படம் ஒன்றில் ஒரு பெண்ணின் பாதங்கள் அங்கே இருந்தன, ஒரே மாதத்தில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

மாதம்: பொங்கல் கழிந்து மார்ச் பாதி வரை மிக நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் ஒன்பதரைக்கு மேல் சுவர் கொதிக்கும், பெயிண்ட் பிரஷிலேயே காயும். காலை ஆறு முதல் ஒன்பதரை, மாலை நாலரைக்கு மேல் என்று பிரித்தால் ஓட்டலாம். ஆடிக் காற்றில் மண் பறந்து ஈரப் பெயிண்டில் ஒட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடவே வேண்டாம்.

7. குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதவை இவை. பெற்றோரிடம் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், அவசரத் தொலைபேசி எண். எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் அனுமதி எழுத்தில் இல்லாமல் எந்தக் குழந்தையின் முகமும் இணையத்தில் போகக் கூடாது. ஏணி, சாரம் பக்கம் குழந்தைகளை விடவே கூடாது. மாதாமாதம் நடத்தச் சக்தி இல்லையென்றால் ஆரம்பிக்காதீர்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் ஐந்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுத்தருகிறார்கள், அங்கே அனுப்பிவிடலாம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விளாச்சேரிக்கு ஒருமுறை போய்வாருங்கள். கொலு பொம்மை செய்யும் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. நவராத்திரிக்கு முந்தைய இரண்டு மாதம் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற காலத்தில் களிமண்ணுக்கும் அவர்கள் நேரத்துக்கும் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். “விளம்பரம் கிடைக்கும்” என்று சொல்லி இலவசமாகக் கேட்டு வைக்காதீர்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களிடமும் இதே மரியாதை.

8. கண்காட்சி

காந்தி மியூசிய வளாகம், உலகத் தமிழ்ச் சங்கம், புது நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றில் முதலில் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் கடிதம் கொடுத்துத்தான் தேதி வாங்க வேண்டும், இரண்டு மாதம் முன்னால் போங்கள். கல்யாண மண்டபம் பார்க்கிறீர்கள் என்றால் முகூர்த்தமில்லாத நாளில் வாடகை பேசலாம், ஆனி முடியும்வரை காத்திருந்தால் ஆடியில் நல்ல விலைக்குக் கிடைக்கும்.

போகும்போது சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் கூடாது. நைலான் கயிறு, பைண்டர் கிளிப், மூங்கில் சட்டம் கொண்டுபோங்கள். மின்விசிறி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படத்தை மாட்டுங்கள். எங்கள் முதல் கண்காட்சியில் திறப்பாளர் குத்துவிளக்கு ஏற்ற விசிறியை நிறுத்தினோம், ஏற்றி முடித்துப் போட்டதும் ஏழு படங்கள் ஒரே நேரத்தில் தலைகீழாகத் திரும்பின.

வெளியில் மைக் வைத்தால் காவல் நிலைய அனுமதி வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் எப்படியும் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ரசீது: யாருடையது, விலை, சேதமானால் யார் பொறுப்பு. படம் கொடுத்தவர், குழு சார்பில் பெற்றுக்கொண்டவர் இருவர் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

9. உதவியும் நன்கொடையும்

மதுரையில் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் இருக்கிறது. அறிவிப்புப் பலகையை மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயதுவாரியாக உண்டு: பதினெட்டு வரை கலை இளமணி, முப்பத்தைந்து வரை வளர்மணி, ஐம்பது வரை சுடர்மணி, அறுபத்தைந்து வரை நன்மணி, அதற்கு மேல் முதுமணி. உங்கள் குழுவில் இருக்கும் எழுபது வயதுக் கோலக்காரப் பாட்டிக்கு யாராவது விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால்தான் நடக்கும். அவருடைய பழைய செய்தித்தாள் துணுக்குகள், சான்றிதழ்கள், வயதுச் சான்று ஆகியவற்றை இன்றே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள். அறிவிப்பு வந்தபின் தேடினால் பதினைந்து நாள் போதாது.

பெரிய நன்கொடை எதிர்பார்த்தால் ஆடிட்டரிடம் சொல்லி 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று பேச்சுவழக்கில் சொல்லும் பதிவுகளுக்குப் போடுங்கள். புதிய சங்கத்துக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகமாகக் கிடைக்கும். 80ஜி இருந்தாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது, இதை ரசீது எழுதும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு மார்ச் மாதம் வந்து கோபித்துக்கொள்வார். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு இவ்விரண்டும் இருக்க வேண்டும், அதோடு மூன்றாண்டு வேலை அனுபவமும் கேட்பார்கள். ஆகவே முதல் வருடத்தில் கம்பெனி வாசலில் நின்று நேரத்தை விரயமாக்காதீர்கள். பள்ளிக்கு ஏதாவது செய்ய விரும்பும் உள்ளூர்க்காரர் என்றால் பணத்தை உங்களிடம் வாங்காமல் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அரசுத் திட்டத்தின் வழியாகக் கொடுக்கச் சொல்லலாம். உங்களுக்கும் கணக்குச் சுமை குறையும்.

10. வருடம் ஒருமுறை

மார்ச் 31-க்கு மேல் ஆறு மாதம்தான். அதற்குள் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் கொடுத்துவிட வேண்டும். நிர்வாகி மாறினால் படிவம் 7, முகவரி மாறினால் படிவம் 5. வருடக்கணக்கில் விட்டுவிட்டு ஒரேயடியாகப் போனால் அபராதமும் அலைச்சலும் சேர்ந்து முதல் பதிவுச் செலவைத் தாண்டிவிடும். எங்கள் ஆடிட்டர் ஜூலை, செப்டம்பர் மாதங்களில் போன் எடுப்பதில்லை, வருமான வரி வேலை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் போய்விடுகிறோம். பெயிண்ட் கடை ரசீதுகள் அச்சு மங்கிப்போகிற தாளில் இருக்கும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து அதன் பின்னால் எந்தச் சுவருக்கு என்று பேனாவால் எழுதி வையுங்கள்.